எரிமலைச் சாம்பல் மேல் எழுந்த ஊர்கள்: இத்தாலியின் பொல்சேனா வட்டாரத்தில் ஒரு நாள் கார்ப் பயணம்

ரோமுக்கும் ஃபிளாரன்ஸுக்கும் இடையில், லாட்சியோ, உம்பிரியா, டஸ்கனி ஆகிய மூன்று மண்டலங்களின் எல்லைகள் நெருங்கி வரும் பகுதியைப் பெரும்பாலான பயணிகள் விரைவு ரயிலின் சன்னல் வழியாகப் பார்த்தபடியே கடந்து போகிறார்கள். ஓர்வியேட்டோவில் புறப்பட்டு, சிவிதா தி பாஞ்ஞோரேஜோ, பொல்சேனா ஏரி, பிதிலியானோ ஆகிய இடங்களைப் பார்த்துவிட்டு ஓர்வியேட்டோவுக்கே திரும்பும் வட்டப் பாதை சுமார் 120 கிலோமீட்டர்தான். அந்த எண்ணைப் பார்த்தவுடன் மொந்தெஃபியாஸ்கோனே, சொவானா, சொரானோ என்று இன்னும் மூன்று ஊர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஆசை எவருக்கும் எழும். நானும் என் மனைவியும் ஓர் அக்டோபர் மாதத்தில் இந்த வட்டத்தைச் சுற்றிவந்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: இங்கே ஒரு நாளின் அளவைத் தீர்மானிப்பது தூரம் அல்ல, பாறை.

இந்த நிலப்பரப்பு முழுவதும் பொல்சேனாவை மையமாகக் கொண்ட பழைய எரிமலைத் தொகுதியின் கைவேலை. சுமார் 3.3 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு பெருவெடிப்பில் பாய்ந்து பரவிய சூடான சாம்பலும் நுரைக்கல்லும் இறுகியதால் உருவான பாறையின் மேல்தான் ஓர்வியேட்டோவும் பாஞ்ஞோரேஜோவும் நிற்கின்றன. உள்ளூரில் அதை 'டூஃபோ' என்கிறார்கள். தேன் நிறமும் செம்பழுப்பும் கலந்த அந்தப் பாறை கடப்பாரைக்கு எளிதில் இடம் கொடுக்கும். ஆனாலும் செங்குத்தாக நிற்கும் அளவுக்கு உறுதி உடையது. அதன் அடியில், இப்பகுதி கடலாக இருந்த காலத்தில் படிந்த சாம்பல் நிறக் களிமண் கிடக்கிறது. ஓடைகள் பல்லாயிரம் ஆண்டுகளாக இந்த அடுக்குகளை அறுத்து, சுற்றிலும் செங்குத்துச் சரிவு கொண்ட மேடைகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்தன. ரோமானியர்களுக்கு முன் இங்கே வாழ்ந்த எட்ரூஸ்கர்கள், பகைவர் எளிதில் ஏற முடியாத அந்த மேடைகளைத் தேர்ந்து ஊர் அமைத்தார்கள்.

பகைவருக்கு எளிதல்லாத ஊர் காருக்கும் எளிதல்ல. ஒவ்வோர் ஊரிலும் வண்டியைக் கீழேயோ வெளியிலோ நிறுத்திவிட்டு, நடந்தோ, மின்தூக்கியிலோ, சிறு பேருந்திலோ மேலே போக வேண்டும். நிறுத்துமிடம் தேடுவது, கட்டணம் செலுத்துவது, ஏறுவது, இறங்குவது என்று ஊரைப் பார்க்கத் தொடங்குவதற்கு முன்னும் பின்னும் சேர்த்து ஒரு நிறுத்தத்துக்கு முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. ஆகவே கிலோமீட்டரை எண்ணாமல் நிறுத்தங்களை எண்ணித் திட்டமிட வேண்டும். ஒரு நாளுக்கு மூன்று நிறுத்தங்கள் போதுமானவை; நான்காவது நிறுத்தம் மற்ற மூன்றையும் அவசரமாக்கிவிடும்.

காரை ரோமில் எடுக்காமல் ஓர்வியேட்டோவில் எடுத்தது இந்தப் பயணத்தில் நாங்கள் செய்த நல்ல முடிவுகளில் ஒன்று. ரோமிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் வந்துவிடலாம். பெருநகரத்தின் நெரிசலில், பழக்கமில்லாத வலப்பக்க ஓட்டத்தைப் பழகிக்கொள்ளும் தேவையும் இல்லாமல் போகிறது. ஆனால் சிறு நகரங்களின் வாடகைக் கார் அலுவலகங்கள் மதிய வேளையில் சில மணி நேரம் மூடப்படும், ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் திறப்பதில்லை என்பதை முன்பதிவின்போதே கவனிக்க வேண்டும். தானியங்கி கியர் வண்டி வேண்டுமென்றால் அதைக் குறிப்பிட்டே முன்பதிவு செய்ய வேண்டும். குறிப்பிடாவிட்டால் கிடைப்பது கையால் கியர் மாற்றும் வண்டியாகத்தான் இருக்கும். வலக்கையால் கியர் மாற்றுவது அரை மணி நேரத்தில் பழகிவிடுகிறது. இடப்புறம் அமர்ந்து வண்டியின் வலப்பக்க விளிம்பைக் கணிப்பதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கிறது. பழைய ஊர்களின் சுவர்கள் அந்த விளிம்புக்காகவே காத்திருப்பவை என்பதால், கிடைப்பவற்றில் மிகச் சிறிய வண்டியையே கேட்டு வாங்கினோம்.

இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துச் செல்ல வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழங்கும் அந்தச் சிறு புத்தகத்துக்குக் கட்டணம் 1,000 ரூபாய். ஓராண்டு வரை செல்லும். அது நம் உரிமத்தின் மொழிபெயர்ப்பு மட்டுமே என்பதால் அசல் உரிமமும் உடன் இருக்க வேண்டும். வைப்புத்தொகைக்காக, வண்டியை ஓட்டுபவரின் பெயரிலேயே உள்ள கடன் அட்டையைக் கேட்பார்கள்; வீட்டில் ஒருவர் பெயரில் அட்டையும் இன்னொருவர் பெயரில் உரிமமும் இருந்தால் அங்கேயே சிக்கல் தொடங்கிவிடும். வண்டியைப் பெற்றுக்கொண்டதும், சக்கர விளிம்புகள் உட்பட நான்கு பக்கங்களையும் அலுவலகத்தின் முன்னாலேயே செல்பேசியில் காணொளியாகப் பதிவு செய்தோம். இதற்கு இரண்டு நிமிடங்கள்கூட ஆகவில்லை.

ஓர்வியேட்டோவை நாங்கள் முந்தைய நாளே பார்த்துவிட்டோம். அதை இந்த ஒரு நாள் சுற்றில் சேர்ப்பது அந்த ஊருக்கு இழைக்கும் அநீதி. 1290இல் கட்டத் தொடங்கிய அதன் பேராலயத்தின் பக்கச் சுவர்களில் திராவர்ட்டின் என்ற வெண்ணிறச் சுண்ணாம்புக்கல்லும் பசால்ட் என்ற கரிய கல்லும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கரிய கல் இந்த எரிமலைகளின் குழம்பு உறைந்து உருவான கல்தான். 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது இங்கே தஞ்சம் புகுந்த போப்பாண்டவர் ஏழாம் கிளமெண்ட், ஊர் முற்றுகைக்கு உள்ளானால் தண்ணீர் வேண்டுமே என்று தோண்டச் செய்த 53 மீட்டர் ஆழமுள்ள புனித பேட்ரிக் கிணறும் இங்கே உள்ளது. தண்ணீர் எடுக்கக் கீழே போகும் கழுதையும் மேலே வரும் கழுதையும் எதிரெதிரே முட்டிக்கொள்ளாதபடி, ஒன்றையொன்று தொடாத இரண்டு சுருள் பாதைகளை அதற்குள் அமைத்திருக்கிறார்கள். மலை நகரத்தில் ஒருவழிப் பாதை எவ்வளவு அவசியம் என்பதை அந்தக் கட்டடக் கலைஞர் அன்றே உணர்ந்திருந்தார்.

காலையில் 71ஆம் எண் மண்டலச் சாலை வழியாகத் தெற்கே புறப்பட்டோம். அந்தச் சாலை முதலில் பள்ளத்தாக்கில் இறங்கி, எதிர்ப்புற மேட்டில் வளைந்து வளைந்து ஏறுகிறது. ஏறும்போது பின்னால் ஓர்வியேட்டோ முழுப்பாறையுடனும் தெரியும். படம் எடுக்க விரும்புபவர்கள், ஓரமாக நிறுத்த இடம் விட்டிருக்கும் வளைவு வரும் வரை பொறுத்திருக்க வேண்டும். இலையுதிர் காலத்துக் காலைகளில் கீழே பாலியா ஆற்றுப் பள்ளத்தாக்கில் மூடுபனி தங்கியிருப்பதும் உண்டு. நகரங்களுக்கு வெளியே பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது இங்குள்ள விதி. இத்தகைய சாலைகளில் வேக வரம்பு 90 கிலோமீட்டர் என்றாலும் வளைவுகள் அதை அனுமதிப்பதில்லை. ஊருக்குள் நுழையும் பலகையைத் தாண்டியதும் வரம்பு 50 ஆகிவிடும். உள்ளூர்க்காரர்கள் பின்னால் ஒட்டி வந்து அவசரப்படுத்துவார்கள். அதில் பகைமை ஏதும் இல்லை. அவர்களுக்குப் பாதை தெரியும், நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிட்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

சிவிதா தி பாஞ்ஞோரேஜோவுக்குக் காலை ஒன்பது மணியளவில் போய்ச் சேருவது நல்லது. பத்தரைக்குப் பிறகு சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்குகின்றன. புது ஊரான பாஞ்ஞோரேஜோவில் வண்டியை நிறுத்திவிட்டு, கடைத்தெரு வழியாக நடந்தோ சிறு பேருந்திலோ பாலத்தை அடையலாம். நிறுத்துமிடங்களில் நீலக் கோடு என்றால் கட்டணம் உண்டு, வெள்ளைக் கோடு என்றால் இலவசம், மஞ்சள் கோடு என்றால் உள்ளூர்வாசிகள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு ஒதுக்கப்பட்டது. இந்த மூன்று நிறங்களையும் மனதில் நிறுத்திக்கொண்டால் இத்தாலியின் நிறுத்துமிடப் பலகைகளில் பாதியைப் படித்த மாதிரி. கட்டண இயந்திரங்கள் சில நாணயத்தை மட்டுமே ஏற்கும் என்பதால் சில்லறை வைத்திருக்க வேண்டும். சீட்டை வண்டியின் உள்ளே, கண்ணாடி வழியாகத் தெரியும்படி வைக்க வேண்டும்.

சிவிதாவை அடைய 1965இல் கட்டிய நடைபாலம் ஒன்றே வழி. சுமார் 300 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம் கடைசிப் பகுதியில் செங்குத்தாக ஏறுவதால், முழங்கால் வலி உள்ளவர்களும் குழந்தை வண்டி தள்ளுபவர்களும் முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நலம். 2013ஆம் ஆண்டிலிருந்து நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். தொடக்கத்தில் ஒன்றரை யூரோவாக இருந்தது பின்னர் ஐந்து யூரோவாக உயர்ந்தது. ஓர் ஊருக்குள் நுழையவே கட்டணமா என்று எரிச்சல்படுபவர்களைப் பாலத்தின் வாயிலில் பார்த்தேன். ஆனால் பாலத்தின் நடுவில் நின்று இருபுறமும் பார்த்தால் அந்தப் பணம் எதற்கு என்பது விளங்கிவிடும். டூஃபோ பாறையின் அடியிலுள்ள களிமண்ணை மழைநீரும் ஓடைகளும் அரித்துக்கொண்டே இருக்கின்றன. ஈரமான சோப்பின் மேல் வைத்த செங்கலைப் போல, அடியில் பிடிமானம் இழந்த பாறை ஓரங்களில் பிளந்து விழுகிறது. 1695ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பிறகு ஆயரும் நகர நிர்வாகமும் மக்களில் பெரும்பகுதியினரும் எதிர்மேட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தத்துவஞானியும் புனிதருமான பொனவெந்துரா பிறந்த ஊர் இது. அவர் வாழ்ந்த வீடு நெடுங்காலத்துக்கு முன்பே பள்ளத்தாக்கில் சரிந்துவிட்டது. இன்று ஆண்டு முழுவதும் இங்கே குடியிருப்பவர்கள் ஒரு கையளவே.

ஊரின் நடுச்சதுக்கத்தில் காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிடுபவர்கள் இதன் சிறப்பான பகுதியைத் தவறவிடுகிறார்கள். தெருவை முழு நீளத்துக்கும் நடந்து மறுகோடிக்குப் போனால், பாதை கீழே இறங்கி, பாறையைக் குடைந்த எட்ரூஸ்கக் குகைகளைத் தாண்டிச் செல்கிறது. அங்கிருந்து சுற்றிலும் 'கலாங்கி' எனப்படும் கத்திமுனை போன்ற களிமண் முகடுகள் தெரிகின்றன. புல் முளைக்காத அந்த வெளிறிய சரிவுகளையும், மேலே ஊரைத் தாங்கும் செம்பழுப்புப் பாறையையும் ஒரே பார்வையில் கண்டபோது, நான் புத்தகத்தில் படித்திருந்த மண்ணியல் பாடம் கண்முன் விரிந்தது. "இதைப் பார்க்காமல் அந்த ஏரிக்குப் போயிருந்தால் அது வெறும் ஏரியாகத்தான் இருந்திருக்கும்" என்று என் மனைவி சொன்னதை வழி நெடுகிலும் நினைத்துக்கொண்டேன்.

பயணத்தின் வரிசையைத் தீர்மானிப்பதில் மதிய ஓய்வு நேரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சிறு ஊர்களில் ஒரு மணியிலிருந்து மூன்று, மூன்றரை மணி வரை தேவாலயங்களும் கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். உணவகங்களின் அடுப்பும் இரண்டரைக்கு அணைந்துவிடும். ஆகவே காலையில் ஓர் ஊர், நண்பகலில் ஏரி, பிற்பகலில் இன்னோர் ஊர் என்று வகுத்துக்கொண்டோம். ஏரிக்குக் கதவும் இல்லை, ஓய்வு நேரமும் இல்லை.

பொல்சேனா ஏரி சுமார் 114 சதுர கிலோமீட்டர் பரப்பும் 151 மீட்டர் ஆழமும் கொண்டது. எரிமலையின் அடியில் இருந்த குழம்பு வெளியேறிய பிறகு மேல்நிலம் கட்டங்கட்டமாக உள்வாங்கியதால் ஏற்பட்ட பள்ளம் இது. அதனால்தான் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் முதலில் ஒரு விளிம்பின் மேல் ஏறி, பிறகு நீர்மட்டத்துக்கு இறங்க வேண்டியிருக்கிறது. இறக்கத்தில் பிரேக்கையே நம்பாமல் இரண்டாம் கியருக்கு வந்துவிட்டால், வண்டிக்கும் உடன் வருபவர்களின் வயிற்றுக்கும் நல்லது. கரை மணல் கரிய நிறம். அதுவும் எரிமலையின் சொத்துதான். பொல்சேனா ஊருக்குத் தெற்கே, பழைய ரோமானியப் பெருவழியான காசியா சாலையை ஒட்டி, ஆறு பக்கங்கள் கொண்ட பசால்ட் தூண்கள் சரிவிலிருந்து குத்திட்டு நிற்கின்றன. குழம்பு ஆறிச் சுருங்கும்போது இப்படிப் பிளவுபடுகிறது. தகவல் பலகையைத் தேடிக்கொண்டே வேகமாகப் போனால் தவறிவிடும் அளவுக்கு அடக்கமான இடம் அது.

ஊரில் புனித கிறிஸ்தினா ஆலயத்தைச் சாப்பாட்டுக்கு முன்பே பார்த்துவிட்டோம். 1263இல் இங்கே பூசை நடத்திய பொஹீமியப் பாதிரியாரின் கையிலிருந்த நற்கருணை அப்பத்திலிருந்து இரத்தம் கசிந்தது என்பது மரபு. அந்த இரத்தம் படிந்ததாகச் சொல்லப்படும் கற்கள் இங்கேயும், துணி ஓர்வியேட்டோ பேராலயத்திலும் உள்ளன. சாப்பாட்டில் ஏரி மீன் இந்தப் பகுதியின் பெருமை. இங்குள்ள விலாங்கு மீனை ஒயினில் ஊறவைத்து அளவுமீறித் தின்றே போப்பாண்டவர் நான்காம் மார்ட்டின் இறந்தார் என்ற கதை அந்தப் பெருமைக்கு ஒரு விளம்பரம் மாதிரி ஆகிவிட்டது. மீன் உண்ணாதவர்களுக்கு, எரிமலை மண்ணில் விளையும் ஓனானோ பருப்பின் சூப் வயிறு நிறைய இருக்கிறது. ஒயினைப் பொறுத்தவரை இரத்தத்தில் லிட்டருக்கு அரை கிராம் ஆல்கஹால் என்பதே ஓட்டுநருக்கான வரம்பு. உரிமம் பெற்று மூன்றாண்டுகள் ஆகாதவர்களுக்கு அதுவும் கிடையாது. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள் இருக்கும் பகுதியில், யார் ஓட்டுவது என்பதைச் சாப்பாட்டு மேசைக்கு வருவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

ஏரியின் வடக்கு விளிம்பில் இருக்கும் சான் லொரென்ஸோ நுவோவோவில் பத்து நிமிடம் நிற்பது பயனுள்ளது. ஏரிக்கரையில் இருந்த பழைய ஊரை மலேரியா காலி செய்ததால், பதினெட்டாம் நூற்றாண்டில் மேட்டின் மேல் எண்கோணச் சதுக்கத்துடன் திட்டமிட்டுக் கட்டிய ஊர் இது. இங்கிருந்து பார்த்தால் ஏரியும் அதன் இரண்டு தீவுகளும் முழுமையாகத் தெரியும். அவற்றில் ஒன்றான மர்த்தானாவில்தான் அன்று இத்தாலியை ஆண்ட ஜெர்மானிய இனமான ஆஸ்ட்ரோகோத்துகளின் அரசி அமலசுந்தா 535இல் கொல்லப்பட்டாள்.

இங்கிருந்து 74ஆம் எண் மண்டலச் சாலை மேற்கே பிதிலியானோவுக்குச் செல்கிறது. கிழக்கிலிருந்து வருபவர்களுக்கு அந்த ஊர் தன் முகத்தைக் காட்டுவதில்லை. மூன்று பக்கம் பள்ளத்தாக்கும் கிழக்கே மட்டும் சமநிலமும் இருப்பதால், சாதாரணச் சிற்றூர் ஒன்றுக்குள் நுழைவதைப் போலவே இருக்கும். ஆகவே நிற்காமல் ஊரைக் கடந்து, சாலை பள்ளத்தாக்கில் இறங்கி மறுகரையில் ஏறும் வரை போய், மடோன்னா தெல்லே கிராட்சியே தேவாலயத்தருகே திரும்பிப் பார்க்க வேண்டும். பாறை எங்கே முடிகிறது, வீட்டுச் சுவர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாதபடி ஊர் முழுவதும் மேலெழுந்து நிற்கும். பிற்பகல் வெயில் மேற்கிலிருந்து விழும்போது அந்தப் பக்கம் பொன்னிறமாகிறது. பிதிலியானோவைக் கடைசி நிறுத்தமாக வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

போப்பாண்டவரின் ஆட்சிப்பகுதியில் கெடுபிடிகள் கூடியபோது அங்கிருந்து வெளியேறிய யூதர்கள் பலர் எல்லைக்கு அப்பால் இருந்த இந்த ஊரில் குடியேறினார்கள். 1598இல் தொழுகைக்கூடம் எழுந்தது; ஊருக்குச் 'சின்ன ஜெருசலேம்' என்ற பெயரும் வந்தது. தொழுகைக்கூடத்தின் கீழே, சடங்குக் குளியல் தொட்டி, ரொட்டி அடுப்பு, ஒயின் கிடங்கு எல்லாம் டூஃபோவுக்குள் குடையப்பட்டிருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் சுற்றுவட்டார விவசாயிகள் சில யூதக் குடும்பங்களைக் குகைகளில் மறைத்துவைத்துக் காப்பாற்றியதற்கும் இந்தப் பாறையே துணை நின்றது. யூதர்களின் ஓய்வுநாளான சனிக்கிழமையில் இந்த இடம் மூடியிருக்கும் என்பதால் பயண நாளைத் தேர்வு செய்யும்போதே அதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஊருக்குக் கீழே 'வியே காவே' எனப்படும் எட்ரூஸ்கப் பாதைகள் இருக்கின்றன. மேட்டையும் பள்ளத்தாக்கையும் இணைக்கப் பாறையை வெட்டி இறக்கிய இவற்றின் சுவர்கள் சில இடங்களில் 20 மீட்டர் உயரம். வழிக்காக வெட்டினார்களா, வடிகாலுக்காகவா, கல்லறைகளுக்குச் செல்லும் ஊர்வலங்களுக்காகவா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பாசியும் பன்னமும் படர்ந்த அந்த இடுக்குகளில் நண்பகலிலும் வெளிச்சம் குறைவு, தரை வழுக்கும். மழைக்குப் பிறகு கல் விழும் ஆபத்தால் சிலவற்றை அடைத்துவைப்பார்கள். நல்ல பிடிமானமுள்ள காலணி இல்லாமல் இறங்கக் கூடாது. அருகிலுள்ள சொவானாவின் எட்ரூஸ்கக் கல்லறைகளைப் பார்க்காமல் இந்தப் பாதையில் நிதானமாக நடந்ததில் எனக்குக் குறையேதும் இல்லை.

அக்டோபர் நடுவில் மாலை ஆறரை மணியளவில் சூரியன் மறைந்துவிடுகிறது. திரும்பும் வழியில் ஆல்ஃபினா மேட்டுநிலத்தில் சாலை நேராகவும் ஆளரவமற்றும் இருப்பதால் வேகம் கூட்டத் தோன்றும். அந்தி நேரத்தில் காட்டுப்பன்றிகள் சாலையைக் கடக்கும் என்பதால் அது ஆபத்தானது. கேமரா இருப்பதை அறிவிக்கும் பலகைகளையும் கவனிக்க வேண்டும். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பல சாலைகளில் குளிர்கால டயரோ சங்கிலியோ கட்டாயம் என்பதைக் குளிர்காலத்தில் போகிறவர்கள் மறக்கக் கூடாது.

வண்டியைத் திருப்பித் தருவதற்கு முன் எரிபொருள் நிரப்ப வேண்டும். நாமே நிரப்பிக்கொள்ளும் வரிசையில் விலை குறைவு, ஊழியர் நிரப்பும் வரிசையில் அதிகம். ஊழியர் இல்லாத நேரங்களில் இயந்திரத்தில் முன்பணம் செலுத்த வேண்டும். அதில் நோட்டு போட்டால் மீதிச் சில்லறை வராது. அட்டை போட்டால் ஒரு பெரிய தொகையைத் தற்காலிகமாகப் பிடித்துவைத்துச் சில நாட்கள் கழித்தே விடுவிக்கும். பெட்ரோலுக்கு வட்டத்துக்குள் 'இ' (E), டீசலுக்குச் சதுரத்துக்குள் 'பி' (B) என்று தொடங்கும் குறியீடுகள் குழாயிலும் வண்டியின் எரிபொருள் மூடியிலும் இருக்கும். இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்வது போதும்.

கடைசியாக, பழைய நகரப் பகுதிகளைச் சுற்றியுள்ள 'இசட்.டி.எல்.' எனப்படும் தடை வலயத்தைப் பற்றி. வெள்ளை நடுவும் சிவப்பு வளையமும் கொண்ட பலகையைத் தாண்டினால் கேமரா எண்பலகையைப் படமெடுத்துவிடும். எந்த வழிகாட்டிச் செயலி சொன்னாலும் அந்தப் பலகைக்கு அப்பால் போகக் கூடாது. விடுதி உள்ளே இருந்தால், வண்டி எண்ணை முன்கூட்டியே பதிவு செய்து தரும்படி விடுதியினரிடம் கேட்கலாம். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு அபராத அறிவிப்பு அனுப்ப அதிகாரிகளுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. அறிவிப்பு கிடைத்து ஐந்து நாட்களுக்குள் செலுத்தினால் பெரும்பாலான அபராதங்களில் 30 விழுக்காடு குறையும். வாடகை நிறுவனம் நம் விவரங்களை அதிகாரிகளுக்குத் தருவதற்காக அட்டையில் பிடித்துக்கொள்ளும் சேவைக் கட்டணம் அபராதத்தில் சேராது. அது வேறு கணக்கு. ஆகவே வாடகை ஒப்பந்தத்தையும், வண்டியைத் திருப்பித் தந்த நேரம் குறித்த சீட்டையும், அன்றைய நிறுத்துமிடச் சீட்டுகளையும் ஓராண்டு வரை ஓர் உறையில் போட்டுவைக்க வேண்டும்.